துணைப்பாடம்: முதுமை

மெர்வின் பரிட்ஜ் தன் மனைவியைப் பார்த்து முதல்முறையாக, "நீங்க யாரு, புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டபோது அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். க்ளெனிஸ் கத்தியைக் கீழே வைக்கவில்லை. தடவி முடித்து, தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆமா, புதுசுதான்" என்றாள். மெர்வின் மரியாதையாக நன்றி சொல்லிச் சாப்பிட்டார். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மருத்துவர் இது மறதி நோய் என்றார், இன்னும் மோசமாகும் என்றார், ஒரு சிறு புத்தகம் கொடுத்தார். அட்டையில் நரைத்த தலை ஜோடி ஒன்று கடற்கரையில் சிரித்துக்கொண்டே ஓடியது. அவர்களில் நோய் யாருக்கு என்று உள்ளே எங்கும் சொல்லியிருக்கவில்லை. க்ளெனிஸ் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வண்டி ஓட்டுவது அவளுக்குப் பழக்கமில்லை. தான் சொன்ன "ஆமா, புதுசுதான்" சரியா தப்பா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அடுத்தது என்ன வரும், எப்போது வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல யாராவது இருப்பார்கள் அல்லவா?

பென்ஹாலோ பல்கலைக்கழகத்தில் முதுமையைப் பற்றி ஒரு பாடம் இருப்பதை உள்ளூர் வானொலியில் கேட்டாள். டாஸ்மேனியாத் தீவின் வடமேற்குக் கரையில் இளைஞர்களெல்லாம் மெல்பர்னுக்குக் கப்பலேறிவிட்டதால், மிச்சமிருப்பவர்களை வைத்தே ஒரு துறை தொடங்கலாம் என்று பல்கலைக்கழகத்துக்குத் தோன்றியிருந்தது. பக்கத்து வீட்டு நோலீனை மெர்வினோடு உட்கார வைத்துவிட்டு, க்ளெனிஸ் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

"முதுமையை மட்டும் தனியா படிக்க முடியாதுங்க," என்றான் சேர்க்கைப் பிரிவு இளைஞன். "அது துணைப்பாடம். முதன்மைப் பாடம்னு ஒண்ணு இருந்தாத்தான் அதுக்குத் துணையா இது வரும்."

"எனக்கு அந்த முதன்மை வேண்டாம்ப்பா. இது மட்டும் போதும்."

"துணை மட்டும் தனியா நிக்காதுங்களே." அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். "உங்களுக்கு எந்தத் துறையில ஆர்வம்?"

கடைசியில் சுற்றுலா மேலாண்மை முடிவாயிற்று. நோலீன் வந்து உட்காரக்கூடிய நேரங்களுக்கு அது ஒன்றுதான் ஒத்துவந்தது.

"கடைசியா ஒரு கேள்வி. இந்தப் படிப்பால உங்க தொழில் இலக்கு என்ன?"

"என் வீட்டுக்காரர்," என்றாள் க்ளெனிஸ்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கணினியில் 'சுயதொழில்' என்று தட்டினான்.

முதுமைச் சிறப்பு மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. க்ளெனிஸ் முதல் வகுப்புக்கு மூச்சிரைக்க ஏறிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தபோது, டாக்டர் இமோஜன் ஸ்டாலர்ட் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மெல்லிய குரல், கனிவான கண்கள்.

"முதுமைன்னு ஒண்ணு உண்மையில கிடையாது," என்று தொடங்கினார். "அது சமூகம் கட்டிவெச்ச ஒரு எண்ணம்."

க்ளெனிஸ் அதை எழுதிக்கொண்டாள். அவளுடைய இரண்டு முழங்கால்களும் அந்த வரியோடு உடன்படவில்லை என்றாலும், படித்தவர்கள் சொல்வதில் ஏதாவது இருக்கும் என்று நினைத்தாள்.

முதல் சில வாரங்கள் சொற்களிலேயே போயின. 'கிழவர்' என்று சொல்லக்கூடாது என்பது க்ளெனிஸுக்கு முன்பே தெரியும். 'வயதானவர்' என்பதும் கூடாது என்றார்கள், 'மூத்தவர்' வந்தது. அடுத்த வாரம் மூத்தவர் என்றால் மற்றவர்களை இளையவர்கள் என்று தாழ்த்துவதாகிவிடும் என்று யாரோ எடுத்துச் சொல்ல, அதுவும் போயிற்று. 'காலம் நீண்டவர்' என்பதில் வந்து நின்றது. க்ளெனிஸ் தன் முதல் கட்டுரையில், 'நானும் என் புருஷனும் கிழடுகள்தான்' என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் ஸ்டாலர்ட் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'இந்தச் சொல் அந்தச் சமூகத்தினரைப் புண்படுத்தலாம்.' மதிப்பெண்ணும் குறைந்திருந்தது.

ஒரு நாள் துணிந்து கையைத் தூக்கினாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். என் வீட்டுக்காரருக்கு மறதி. சாயங்காலம் ஆனா என்னை அவரோட செத்துப்போன அக்கான்னு நெனச்சுக்கறாரு. நான் இல்லைன்னு சொன்னா கலங்கிப் போறாரு. ஆமான்னு சொன்னா எனக்கு ஏமாத்தற மாதிரி இருக்கு. எது சரி?"

ஸ்டாலர்ட் கண்களை மூடித் திறந்தார். "எவ்வளவு அருமையான கேள்வி. அவசரப்பட்டு இதுக்குப் பதில் சொல்லிட வேண்டாம். நாம எல்லாரும் இந்தக் கேள்வியோட கொஞ்ச நேரம் இருப்போம்."

இருந்தார்கள். பிறகு ஐந்தாறு பேராகப் பிரிந்து விவாதித்தார்கள். வண்ணக் காகிதங்களில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். முடிவில் ஒவ்வொருவர் பயணமும் வேறு வேறு என்று தெரியவந்தது.

"அப்ப நான் இன்னிக்குச் சாயங்காலம் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள் க்ளெனிஸ்.

"அதெல்லாம் மருத்துவப் பக்கம், க்ளெனிஸ். செவிலியர் படிப்புல வரும். நாம இங்க விமர்சனப் பார்வையை வளர்க்கிறோம். ஆனா," ஸ்டாலர்ட் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார், "நமக்கு ஒரு அரிய வாய்ப்பு கிடைச்சிருக்கு. க்ளெனிஸ்கிட்ட வாழ்ந்த அனுபவம் இருக்கு. காலம் நீண்டவங்க கிட்டருந்து நாம என்ன கத்துக்கலாம்னு அவங்களே சொல்லட்டுமே."

இளம் முகங்களெல்லாம் திரும்பிப் பார்த்தன. பேனாக்கள் தயாராக இருந்தன.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் க்ளெனிஸ். "தெரியாததாலதான் பணம் கட்டி வந்திருக்கேன்."

எல்லாரும் அதை எழுதிக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த கிர்ரா மாடக்ஸ் என்ற பெண் அதன் கீழே கோடும் போட்டாள்.

அதற்கு அடுத்த மாதம் முதுமை அங்கி வந்தது. மையத்தின் பெருமையே அதுதான். கையிலும் காலிலும் கட்டிக்கொள்ள மணல் பைகள், கண்ணுக்கு மங்கலான கண்ணாடி, காதுக்கு அடைப்பு, விரல்களை மடக்க விடாத கையுறை, முதுகைக் கூனாக்கும் பட்டை. இதை மாட்டிக்கொண்டு நடைவழியில் நடந்து, ஒரு புட்டியைத் திறந்து, ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டு சிரித்து, தடுமாறி, இரண்டு பேர் அழவும் செய்தார்கள். ஸ்டாலர்ட் அவர்கள் தோளைத் தட்டிக்கொடுத்தார். க்ளெனிஸ் முறை வந்தபோது, அங்கியைக் காக்கும் ஊழியர் கையை நீட்டித் தடுத்தார்.

"அறுபது வயசுக்கு மேல போட்டுக்கக் கூடாதுங்க. வயசானவங்களுக்கு ஆபத்து. காப்பீடு ஒத்துக்காது."

"அப்ப எனக்கு இந்தச் செய்முறைக்கு மதிப்பெண்?"

"போடாம மதிப்பெண் தர முடியாதே," என்றார் ஸ்டாலர்ட் சங்கடத்தோடு. "முதுமையை உடம்பால உணர்ந்திருக்கணும்ங்கறது கட்டாயம்."

மேலிடத்தில் பேசி மாற்று ஏற்பாடு ஒன்று செய்தார்கள். க்ளெனிஸ் ஒரு இருட்டு அறையில் தனியாக உட்கார்ந்து, இருபது வயதுப் பையன் ஒருவன் அங்கி போட்டுக்கொண்டு மாடி ஏறும் காணொளியைப் பார்த்து, தனக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். 'அவன் ரொம்ப வேகமாக ஏறுகிறான்' என்று எழுதினாள். பாஸ் மதிப்பெண் வந்தது.

வீட்டில் மெர்வின் பாடம் எதற்கும் காத்திருக்கவில்லை. ஆட்டிறைச்சியை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் தெரிபவரிடம் கோபித்துக்கொண்டார். நாற்பது வருடம் துறைமுகத்துக் குளிர்பதனக் கிடங்கில் மின்பணியாளராக இருந்தவர், இப்போது விடிந்தால் மேல்சட்டையைத் தேடிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். கிடங்கை இடித்து வருடங்களாகிவிட்டன. சில நேரம் தெளிவாகிவிடுவார். அப்படி ஒரு சாயங்காலம், "க்ளெனி, நான் உன்னைப் படுத்தறேனா?" என்று கேட்டார்.

"இல்ல மெர்வ்."

"படுத்தினா சொல்லிடு. நான் வேற இடத்துக்குப் போயிடறேன்."

அன்றைக்கு அவள் சுற்றுலா மேலாண்மைக்கு ஒரு தீவுக்கூட்டத்தின் விருந்தோம்பல் கொள்கையைப் பற்றி எழுதி முடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எழுதினாள்.

இரண்டாம் பருவத்தில் களப்பணி. ஒவ்வொரு மாணவரும் ஒரு காலம் நீண்டவரோடு நாற்பது மணி நேரம் செலவழிக்க வேண்டும். தொடக்க விழாவுக்கு மையத்தின் தலைவர் பேராசிரியர் அலிஸ்டர் குவென்பி வந்து பேசினார். நல்ல உயரம், வெண்மையான பற்கள். அவருக்கும் அறுபத்தாறு வயதாகிறது. மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர் என்பதால், பாடத்தில் வருபவர்களில் தானும் ஒருவர் என்ற எண்ணம் அவருக்கு வந்ததில்லை.

"முதியவர்களைச் சுமைன்னு சொல்றவங்க இருக்காங்க," என்றார். "நான் அவங்களை வளம்னு சொல்றேன். இந்தத் தீவுல தகரம் எடுத்தோம், தீர்ந்துபோச்சு. செம்பு எடுத்தோம், அதுவும் குறைஞ்சுபோச்சு. மரத்தை வெட்ட விடமாட்டேங்கறாங்க. ஆனா முதியவங்க வருஷா வருஷம் கூடிக்கிட்டே இருக்காங்க. அவங்களை வெச்சு நம்ம மையம் இதுவரைக்கும் வாங்கின ஆய்வு நிதியைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நண்பர்களே, இது தோண்டத் தோண்ட வர்ற சுரங்கம்."

கைதட்டினார்கள். க்ளெனிஸும் தட்டினாள்; எல்லாரும் தட்டும்போது சும்மா இருப்பது அவளுக்கு வராது.

கூட்டம் முடிந்ததும் களப்பணி அலுவலகத்துக்குப் போனாள். "நான் என் வீட்டுக்காரரோட ராத்திரி பகலா இருக்கேன். அதை இதுக்குக் கணக்குல எடுத்துக்கலாமா?"

அங்கே இருந்த பெண் சிரித்தாள். "அது பராமரிப்புங்க. நாங்க கேக்கறது சந்திப்பு."

"என்னம்மா வித்தியாசம்?"

"சந்திப்புக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கும்."

நோலீனுக்கு அப்போதுதான் இடுப்பு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. களப்பணிக்குப் போனால் மெர்வினை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று க்ளெனிஸ் கேட்டாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. இன்னொரு மாணவிக்கு ஆள் கிடைக்காமல் இருக்கிறது, அவளை மெர்வினிடம் அனுப்பிவிடலாம் என்றாள். இப்படியாக, க்ளெனிஸ் முன்பின் தெரியாத ஒரு கிழவரோடு உட்கார ஐம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போவது என்றும், அந்த நேரத்தில் கிர்ரா மாடக்ஸ் க்ளெனிஸின் கிழவரோடு உட்காருவது என்றும் முடிவாயிற்று. அலுவலகம் இதை மிகச் சிறந்த வளப் பகிர்வு என்று தன் செய்தி மடலில் போட்டுக்கொண்டது.

க்ளெனிஸுக்குக் கிடைத்தவர் கிளாரி வாஸ் என்ற உருளைக்கிழங்கு விவசாயி. முதியோர் இல்லத்தில் சன்னலோரமாகச் சக்கர நாற்காலியில் இருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இங்க தங்க வந்தவளா, பாக்க வந்தவளா?"

"பாக்க வந்தவ. பல்கலைக்கழகத்துல இருந்து."

"அடக் கடவுளே. போன வருஷம் ஒரு பொண்ணு வந்து என் சின்ன வயசைப் பத்திக் கேட்டா. அப்புறம் ஒருத்தன் வந்து சாவைப் பத்தி என்ன நெனைக்கறீங்கன்னான். நான் அதைப் பத்தி நெனைக்காமத்தான் இருந்தேன், அவன் வந்து கெடுத்துட்டான். நீ எதைப் பத்தி?"

"எதைப் பத்தியும் இல்ல. நாற்பது மணி நேரம் உட்காரணும், அவ்வளவுதான்."

"அப்ப அந்த டிவியில கால்பந்தைப் போடு. பேசாம உட்காரு."

அவர்கள் பழைய ஆட்டங்களைப் பார்த்தார்கள். க்ளெனிஸின் மனம் வீட்டிலேயே இருந்தது. கிளாரி சில நேரம் தன் பிஸ்கட்டில் ஒன்றை அவளிடம் தள்ளுவார். அவருக்கு அவள் வருவது பிடித்திருந்தது; சொல்ல மாட்டார்.

கிர்ராவுக்கு இருபது வயது. தீவின் உட்பகுதியில் பால்பண்ணை வைத்திருப்பவர்களின் மகள். அவளுக்கு மையம் விதிகள் கொடுத்திருந்தது. மெர்வினைத் தொடக்கூடாது, ஊட்டக்கூடாது, குடும்ப விஷயத்தில் தலையிடக்கூடாது, ஒதுக்கிய நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் இருக்கக்கூடாது. மெர்வினுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மின்கம்பிகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். அவள் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அவளுடைய அறிக்கைகளுக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைப்பதாக ஸ்டாலர்ட் வகுப்பில் சொன்னார். மெர்வினைப் பற்றி அவள் என்ன எழுதினாள் என்று க்ளெனிஸ் கேட்டபோது, "அது பங்கேற்பாளர் பத்தின தகவல், க்ளெனிஸ். நீங்க சக மாணவி. உங்ககிட்டச் சொல்றது முறையில்ல," என்றார்.

ஜூலை மாதம், அங்கே நடுக் குளிர்காலத்தில், ஒரு நாள். கடல்காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. கிளாரியின் இல்லத்தில் களப்பணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய மேற்பார்வையாளர், ஊழியர்களின் நேரத்தை மதிப்பது குறித்த கூட்டம் ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அன்றைய நேரம் போய்விடும். க்ளெனிஸ் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"கிர்ரா, நான் வர கொஞ்சம் தாமதமாகும்மா. நான் வர்ற வரைக்கும் இருப்பியா?"

"நாலு மணிக்கு மேல இருந்தா காப்பீடு கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க, க்ளெனிஸ். நான் அலுவலகத்தைக் கேட்டுச் சொல்றேனே."

கேட்டாள். எல்லைகளைக் காப்பது தொழில்முறைப் பண்பு என்றும், மீறினால் களப்பணியே ரத்தாகலாம் என்றும் அலுவலகம் சொன்னது. கிர்ரா மெர்வினுக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தாள், தொலைக்காட்சியைப் போட்டாள், "க்ளெனிஸ் இப்ப வந்துடுவாங்க" என்றாள். நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அதற்கு முன் க்ளெனிஸை மறுபடி கூப்பிட்டபோது போன் எடுக்கப்படவில்லை. க்ளெனிஸ் அப்போது, போன் இருந்த கோட்டைக் கிளாரியின் அறையில் விட்டுவிட்டு, மேற்பார்வையாளரின் அறை வாசலில் காத்திருந்தாள்.

க்ளெனிஸ் வீட்டுக்கு வந்தபோது தேநீர் குடிக்கப்படாமல் இருந்தது. முன்கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

மெர்வின் வேலைக்குக் கிளம்பியிருந்தார். கிடங்கு இருந்த இடம் இப்போது வெறும் கற்கரை. மீன்பிடிக்கப் போய்த் திரும்பிய இரண்டு பேர் அவரை அலைத்தடுப்புக் கற்களுக்கு நடுவே கண்டெடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உடம்பு குளிரில் விறைத்திருந்தது. அவர்களிடம் அவர், பிரதான மின் இணைப்பை அணைக்காமல் யாரும் உள்ளே போக வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சில நாட்கள் கழித்து மையம் அவளை அழைத்தது. மெர்வின் அப்போது மருத்துவமனையில் இருந்தார். அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். கண் திறந்தார், யாரையும் பார்க்கவில்லை, எது கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டார். க்ளெனிஸ் அங்கிருந்து நேராகப் போனாள். கூட்ட அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் குவென்பி, ஸ்டாலர்ட், இடர் மேலாண்மை அதிகாரி என்று ஒரு பெண். இந்தப் பக்கம் மூன்று காலி நாற்காலிகள்.

"இன்னிக்கு நீங்க மாணவியா வந்திருக்கீங்களா, இல்ல பராமரிப்பாளரா வந்திருக்கீங்களா?" என்று கேட்டார் இடர் அதிகாரி.

"நடந்து வந்திருக்கேன்," என்றாள் க்ளெனிஸ். "லிஃப்ட் வேலை செய்யல."

ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு நாற்காலி என்று விளக்கினார்கள். முதல் நாற்காலியில் அவள் மாணவி. களப்பணி நேரத்தில் இன்னொரு மாணவியைத் தொலைபேசியில் கூப்பிட்டு விதிமீறலுக்குத் தூண்டியது ஏன் என்று கேட்டார்கள். இரண்டாவது நாற்காலிக்கு மாறச் சொன்னார்கள். அதில் அவள் பராமரிப்பாளர். நடந்ததற்கு மையம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. அதே மூச்சில், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைத் தனியாக விட்டுப் போவது அவளுடைய வழக்கமா என்றும் கேட்டது. மூன்றாவது நாற்காலியில் அவள் வாழ்ந்த அனுபவம் உள்ள ஆலோசகர். இனி இப்படி நடக்காமல் இருக்க அவள் ஆலோசனை சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பரிசுக் கூப்பனும் உண்டு.

க்ளெனிஸ் மூன்றாவது நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குவென்பி மேசையில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"இந்தத் துயரம் வீணாப் போகக் கூடாதுன்னு நாங்க நெனைக்கறோம். அடுத்த பருவத்துல இதை வெச்சே ஒரு பாடம் கொண்டுவரப் போறோம், 'நடமாட்டமும் தன்னுரிமையும்'னு. மெர்வின் தொலைஞ்சு போயிட்டார்னு சொல்றது அவரைக் குறைச்சுப் பேசறது. அவர் ஒரு இடத்துக்குப் போகணும்னு முடிவு செஞ்சார். போனார். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?"

"அவரு காலுல செருப்பு இல்ல," என்றாள் க்ளெனிஸ்.

இடர் அதிகாரி தன் காகிதங்களைப் புரட்டினார். "காலணி நம்ம பொறுப்பு வரம்புக்குள்ள வராது."

"சரி," என்றாள் க்ளெனிஸ். "நான் ஒண்ணு கேக்கலாமா? எந்த நாற்காலியில இருந்து கேக்கணும்னு தெரியல. அவரு சாப்பிட மாட்டேங்கறாரு. கரண்டியைக் கொண்டு போனா வாயை இறுக்கி மூடிக்கறாரு. வேண்டாம்னு சொல்றாரா, எப்படித் திறக்கறதுன்னு மறந்துட்டாரா? நான் கட்டாயப்படுத்தணுமா, விட்டுடணுமா? இங்க யாருக்காவது தெரியுமா?"

குவென்பி ஸ்டாலர்டைப் பார்த்தார். ஸ்டாலர்ட் பலகை இருக்கும் பக்கம் திரும்பப் போனவர் போல் பாதியில் நின்றுவிட்டார்.

"எனக்குத் தெரியல, க்ளெனிஸ்," என்றார்.

அந்த மையத்தில் அவள் கேட்ட கேள்விக்கு ஒருவர் நேராகச் சொன்ன முதல் பதில் அது.

"எங்க அம்மாவும் கடைசியில அப்படித்தான் வாயை மூடிக்கிட்டாங்கன்னு சொன்னாங்க," என்றார் ஸ்டாலர்ட், யாரையும் பார்க்காமல். "நான் அப்ப ஒரு கருத்தரங்குல இருந்தேன். கண்ணியமா முதுமையடையறதைப் பத்தி."

"இமோஜன், இது பதிவாயிட்டிருக்கு," என்றார் குவென்பி மென்மையாக.

க்ளெனிஸ் எழுந்து படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கட்டடத்துக்குப் போகவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது: முதுமையில் அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள், ஆனால் சுற்றுலா மேலாண்மையை முடிக்காததால் அந்தத் தேர்ச்சி செல்லாது. மெர்வினுக்கு மட்டும், ஆண்டின் சிறந்த சமூகப் பங்காளர் என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது.

மெர்வினால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு இல்லத்தில் இடம் கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தார். மசித்த பூசணியும் கஸ்டர்டும் இறங்கின, அதுவும் நீண்ட நேரம் பிடித்து. எதனால் திறந்தார் என்று க்ளெனிஸுக்குத் தெரியவில்லை. காலையில் வருவாள், இரவுச் சாப்பாடு வரைக்கும் உட்காருவாள். வீட்டில் தூங்கினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வசந்தம் தொடங்கிய ஒரு பிற்பகலில் வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. கிர்ரா. கழுத்தில் அடையாள அட்டை இல்லை. முகம் மெலிந்திருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்கவும் இல்லை, போகவும் இல்லை.

"படிப்பா?" என்றாள் க்ளெனிஸ்.

"இல்ல. அதை விட்டுட்டேன். பண்ணையில இருக்கேன்."

"அப்ப என்ன?"

கிர்ரா கட்டிலைப் பார்த்தாள். மெர்வின் பாதி உருவமாகப் போர்வைக்குள் கிடந்தார். "அன்னிக்கு வண்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். சன்னல் வழியா பார்த்தேன். அவரு நல்லாத்தான் உட்கார்ந்திருந்தாரு. போகக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, க்ளெனிஸ். மதிப்பெண் போயிடும்னு போயிட்டேன்."

பரவாயில்லை என்று சொல்ல க்ளெனிஸுக்கு வாய் வரவில்லை. திட்டுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. தானும் ஒரு கையெழுத்துக்காக அந்த நேரத்தில் ஒரு அறை வாசலில் நின்றிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. ஊழியர் ஒருவர் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பூசணியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"கையைக் கழுவிட்டு வா," என்றாள் க்ளெனிஸ்.

கிர்ரா கழுவிவிட்டு வந்தாள். க்ளெனிஸ் கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"நான் இதுவரைக்கும் யாருக்கும் ஊட்டினது இல்ல."

"கன்னுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்ததில்லையா?"

"அது கொடுத்திருக்கேன்."

"இது அதைவிடக் கஷ்டம். முழுங்கினாரான்னு தொண்டையைப் பாரு. முழுங்காம அடுத்தது கொடுக்காதே. நான் வெளிய வண்டியில இருக்கேன்."

"எவ்வளவு நேரம் இருக்கணும்?"

க்ளெனிஸ் கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "தெரியாது," என்றாள்.

வண்டிக்குப் போய் இருக்கையைப் பின்னால் சாய்த்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம் என்றுதான் நினைத்தாள். விழித்தபோது கண்ணாடிகளில் அவள் மூச்சு படிந்திருந்தது. கடல் பக்கம் வெளிச்சம் போய்விட்டிருந்தது. காலணியின் கயிற்றைக்கூடக் கட்டாமல் உள்ளே விரைந்தாள்.

தட்டு பாதி காலியாக இருந்தது. மெர்வின் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் கிர்ராவின் மணிக்கட்டைப் பற்றியிருந்தன. அவள் கட்டிலின் இரும்பு விளிம்பில், நிமிர முடியாத ஒரு கோணத்தில், கழுத்து வலிக்கக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள். க்ளெனிஸைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.